பிடிக்க முடியாத கோட்டையா செஞ்சி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செஞ்சிக்கு உலகப் பாரம்பரியச் சின்ன மதிப்பு கிடைத்ததைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ‘தேசிங்கு ராஜா கட்டிய கோட்டை’ என்றும், ‘யாராலும் பிடிக்க முடியாத கோட்டை’ என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் சரியல்ல.

முதலாவது, கூத்திலும் கதைப்பாட்டிலும் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப்போன பிழை. தேசிங்கு என்னும் தேஜ் சிங், தந்தை ஸ்வரூப் சிங் 1714-ல் இறந்தபின் பொறுப்புக்கு வந்தவர். அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டார். கையிலிருந்த சில மாதங்களில் ஒரு கொத்தளம்கூடக் கட்டி முடிக்க முடியாது. ஆனந்தக் கோன் காலத்தில் தொடங்கியது என்று மரபு சொல்லும் கோட்டை இது. கல்யாண மகாலும் வேங்கடரமணர் கோயிலும் நாயக்கர் காலத்தவை. பின்னால் வந்த பிஜாப்பூர்க்காரர்களும் மராத்தியரும் மதில்களை மாற்றியும் தடிப்பாக்கியும் கட்டினார்கள். 2025 ஜூலையில் கிடைத்த உலக மதிப்பு ‘மராத்திய ராணுவ நிலவமைப்பு’ என்ற பெயரில் 12 கோட்டைகளுக்குச் சேர்த்து வந்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே. ஆனால் செஞ்சி மராத்தியர் கையில் இருந்தது 1677 முதல் 1698 வரை, 21 ஆண்டுகள்தான். பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது பிழைக்கு வருகிறேன். பிஜாப்பூர் சுல்தானின் படை நாயக்கரிடமிருந்து 1649 வாக்கில் பிடித்தது. 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர், 1780-ல் ஹைதர் அலி. சுமார் 130 ஆண்டுகளில் ஆறு முறை கைமாறிய கோட்டையைப் ‘பிடிக்க முடியாதது’ என்று எப்படிச் சொல்வது?

பாதுகாப்புக்கு அங்கே குறைவில்லை. கோட்டையின் மூன்று குன்றுகளில் உயரமான ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து, ஏறக்குறைய 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமாக ஒரு வெடிப்பு இருக்கிறது. அதன்மேல் இருந்த மரப்பாலத்தை இழுத்துவிட்டால் பத்துப் பேர் ஒரு படையை நிறுத்தலாம். மேலே சுனை நீர் உண்டு, அடிவாரத்தில் பெரிய குளங்களும் களஞ்சியங்களும் உண்டு.

சிக்கல் உச்சியில் இல்லை, கீழே இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் முக்கோணமாக மதில் இணைக்கிறது. மதில்களின் மொத்த நீளம் சுமார் 13 கி.மீ. என்பார்கள். அதில் பாதிக்கு மட்டும், இரண்டு மீட்டருக்கு ஒருவராக ஆள் நிறுத்தினாலே 3,000 பேருக்கு மேல் வேண்டும். இரவுக்காவலுக்கு மாற்று ஆள் சேர்த்தால் இன்னொரு மடங்கு. அத்தனை பேருக்கும் சோறு போட வேண்டும். ஆள் குறைந்தால் மதில் வெறும் கல்தான்.

மொகலாயர் முற்றுகை 1690-ல் தொடங்கி எட்டாண்டுக்கு நெருக்கமாக இழுத்தது. மதிலின் பலம் அதற்குப் பாதிக் காரணம்தான். அவ்வளவு பெரிய சுற்றை முழுதாக அடைக்க மொகலாயத் தளபதி சுல்பிகார் கானிடம் ஆள் போதவில்லை. உள்ளே தானியம் போய்க்கொண்டே இருந்தது. 1692 கடைசியில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்ப்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் வெளியிலிருந்து சூழ்ந்ததும் முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் சிக்கி, வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. சுல்பிகார் கான், உள்ளே இருந்த சிவாஜியின் மகன் ராஜாராமோடு உள்ளூர ஒத்துப்போனார் என்ற குற்றச்சாட்டும் அன்றே எழுந்தது. எப்படியோ, கோட்டை விழுமுன் ராஜாராம் தப்பிவிட்டார். குடும்பத்தார் பலர் பிடிபட்டார்கள்.

இதே கோட்டை 1750 செப்டம்பரில் ஒரே இரவில் போனது. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் ஆட்கள் வாசலை வெடிவைத்துத் தகர்த்துக் கீழ்க்கோட்டைக்குள் நுழைந்தார்கள். பிறகு இருட்டில் மூன்று மலைகள்மீதும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். உள்ளே இருந்தது, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் தோற்றோடி வந்த படை. ஒரு மலைக்கு இன்னொரு மலை உதவும் என்பதே செஞ்சியின் அமைப்பு. மூன்றும் ஒருசேரத் தாக்கப்பட்டபோது அந்தக் கணக்கு கலைந்துவிட்டது. சிவாஜிக்கோ இந்தச் சிரமமும் இல்லை. பெரிய சண்டையின்றி, காவல் தளபதிகளோடு பேசியே வாங்கிக்கொண்டார். பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி விழுந்தபின் 1761 ஏப்ரலில் ஆங்கிலேயத் தளபதி ஸ்டீபன் ஸ்மித்திடம் ராஜகிரி சரணடைந்ததற்கும் பீரங்கி காரணமல்ல. உதவிக்கு வர யாரும் மிச்சமில்லை.

இன்றைய எதிரி ஆலும் அரசும். பறவை எச்சத்தில் விழும் விதை, சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இடுக்கில் முளைக்கிறது. முளையை மேலோடு வெட்டினால் வேர் உள்ளேயே பருத்து, முகப்புக் கல்லைத் தள்ளிவிடும். மதிலின் வயிறு மண்ணும் சல்லியுமாக இருப்பதால், முகப்பு போனால் அடுத்த மழையில் உள்ளிருப்பதும் சரிந்து வரும். அந்த இடுக்கைச் சிமெண்டால் பூசுவது இன்னும் கெடுதல். உள்ளே இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் கல்லோடு பெயர்க்கும். கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுத்து, சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பதே முறை.

கடைசியாக ஒன்று. ‘ராஜகிரி உச்சி’ என்று நீங்கள் அச்சிட்ட குவிமாட மண்டபம் திருவண்ணாமலைச் சாலைக்கு வடக்கே, ஊரார் ராணிக் கோட்டை என்னும் கிருஷ்ணகிரிமேல் இருக்கிறது. அதைப் பார்க்க ராஜகிரி ஏறுகிறவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை வீணாக ஏறிவிட்டு, வெயிலில் மறுபடி இன்னொரு மலை ஏற வேண்டியிருக்கும். அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டிவனம்