மகளின் முதுகுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பான தோட்டத்து உறவுகளுக்கும், ஹட்டனிலும் கொழும்பிலும் எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

வளைந்துபோன முதுகைச் சரிசெய்ய மகளுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து ஐந்து மாதமாகிறது. போன கிழமை கிளினிக்கில் எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர், கம்பியும் திருகாணியும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன, எலும்பும் ஒட்டத் தொடங்கிவிட்டது என்றார். அதைக் காதால் கேட்ட பிறகுதான் இந்த மடலை எழுத எனக்குத் தைரியம் வந்தது.

முதல் நன்றி கடைசி லயத்துப் பெரியம்மாவுக்கு. 2022 கடைசியில், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்ற பிள்ளையைப் பார்த்து, “இவ கவுனு ஏன் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது?” என்று கேட்டது நீங்கள்தான். பிள்ளைக் காம்பராவில் நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளைப் பார்க்கிற எனக்கு, என் பிள்ளையின் ஒரு தோள் இறங்கிப் போனது கண்ணில் படவில்லை.

பழைய கதை உங்களில் பலருக்குத் தெரியும். 2017இல் அவளுக்கு ஐந்து வயது. பகலில் ஓடி விளையாடுவாள், இரவில் படுத்தால் முதுகு வலிக்கிறது என்று அழுவாள். வாயு என்றோம், எண்ணெய் தேய்த்தோம், கயிறு மந்திரித்துக் கட்டினோம். இடது கால் இழுபடத் தொடங்கிய பிறகுதான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். முண்ணாணுக்கு, அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் பெரிய நரம்புக்கு, உள்ளேயே கட்டி. மெதுவாக வளரும் வகைதான், ஆனால் முள்ளந்தண்டின் பின்பக்க எலும்பைத் திறந்துதான் அதை எடுக்க முடிந்தது. பிள்ளை பிழைத்தாள், மறுபடி நடந்தாள். சரி, கண்டம் தாண்டிவிட்டது என்று நாங்கள் நினைத்துவிட்டோம். 2022இல் டீசல் இல்லை, பஸ் இல்லை, இரண்டு கிளினிக் தவறிப்போனது. அதே வருஷம்தான் அவள் மளமளவென்று வளர்ந்தாள்.

பெரியம்மா சொன்ன பிறகு முதலில் காட்டிய இடத்தில், “கூன் போடாமல் இருக்கச் சொல்லுங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் நானும் “நிமிர்ந்து உட்காரு” என்று பிள்ளையைத் திட்டினேன். அவளால் முடியாததைக் கேட்டுத் திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

கொழும்பு டொக்டர் ஐயாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் படம் கீறிக் காட்டினார். அவர் சிங்களத்தில் சொன்னதை வரிவரியாகத் தமிழில் சொன்ன நர்ஸ் மிஸ்ஸியையும் மறக்க மாட்டேன். முதுகெலும்பைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிற எலும்பும் தசைநாரும் கட்டி எடுத்தபோதே போய்விட்டன. கட்டி இருந்த இடத்தில் நரம்பு கெட்டதால் முதுகுத் தசையும் ஒரு பக்கம் சோர்ந்துவிட்டது. சின்ன வயதில் அந்தச் சத்திரசிகிச்சை நடந்தால், வளர வளர முதுகு வளைய வாய்ப்பு அதிகமாம். “யார் மீதும் பிழை இல்லை, அன்றைக்கு எடுக்காமல் விட்டிருந்தால் இவள் நடந்திருக்கவே மாட்டாள்” என்றார். ஐந்து வயதில் கூடை தூக்க விட்டதால்தான் இப்படி ஆனது என்று என் மாமியார் தனக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தார். அன்று இரவுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

வளைவு கூடினால் கட்டி திரும்ப வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். அந்த ஸ்கேன் முடிவு வரும்வரை கோயில் பூசாரி ஐயா தினமும் வாசலில் வந்து விசாரித்துவிட்டுப் போனார். கட்டி இல்லை. அப்புறம் ஒரு வருஷம் பிளாஸ்டிக் கவசம் போட்டுப் பார்த்தோம். அதற்கும் வளைவு நிற்கவில்லை. 48 பாகையில் இருந்து 70 பாகைக்குப் போனது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் போக்குவரத்து, வெளியில் எடுத்த ஸ்கேன், கவசம், கொழும்பில் தங்கும் செலவு எல்லாம் எங்கள் கைக்கு எட்டாதவை. அப்போதைய 1,350 ரூபாய் நாள் சம்பளத்தில், ஒரு நாள் பேரை, அந்த முழு நாள் கூலியை, அப்படியே கொடுத்தீர்கள் 41 பேர். மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு எடுத்த கொழுந்தின் காசு அது. உங்கள் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். இரத்தம் கொடுக்க இரவு ரயிலேறிக் கொழும்புக்கு வந்த தம்பிமாரே, மகள் உங்களை அண்ணா என்று கூப்பிடுவது இனி வெறும் மரியாதைக்கு இல்லை.

சத்திரசிகிச்சை ஏழு மணி நேரம். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, இரண்டு கம்பி பூட்டினார்கள். கம்பி டைட்டேனியம். இனியும் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டியைக் கவனிக்க வேண்டியிருப்பதால், படம் அதிகம் மறையாமல் இருக்க அந்த உலோகமாம். முழுவதும் நேராக்கவில்லை. ஏற்கெனவே அடிபட்ட நரம்பு, அதிகம் இழுத்தால் கால் போய்விடும், “நேரான முதுகைவிட நடக்கிற கால் பெரிது” என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். கை கால்களில் வயர் பொருத்தி, நரம்பின் சமிக்ஞை குறைகிறதா என்று அத்தனை மணி நேரமும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் இருந்தாராம். உங்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. கண் விழித்ததும் அவள் இரண்டு கால் விரல்களையும் அசைத்தாள். அந்த நன்றி உங்களுக்கும் உரியது.

கினிகத்தேனை வளைவுகளில் முதுகு குலுங்காமல் ஊர்ந்து ஊர்ந்து கூட்டிவந்த வேன்கார மாமாவுக்கும், விடுபட்ட பாடங்களை வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் டீச்சருக்கும் நன்றி.

பிள்ளைக்கு இப்படிக் கட்டி எடுத்த தாய்மார் யாராவது இதைப் படித்தால், கிளினிக் திகதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை சட்டையைக் கழற்றிப் பிள்ளையைக் குனியச் சொல்லி, பின்னால் நின்று முதுகைப் பாருங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கல் வைக்கிறோம். எல்லோரும் வர வேண்டும். பிரசாதத்தை மகள்தான் தன் கையால் தருவாள். இன்னும் சில மாதம் குனியக்கூடாது என்பதால் கோலம் மட்டும் நான் போடுகிறேன்.