கோப்பைகள் ஏன் இன்னும் வரவில்லை

அன்புள்ள மகளுக்கு,

உனக்கு நான் வனைகிற ஆறு பீங்கான் கோப்பைகளும் என்னாயிற்று என்று கேட்டிருந்தாய். கடையில் வாங்கியிருந்தால் அன்றைக்கே கைக்கு வந்திருக்கும், எல்லாம் ஒரே அச்சாகவும் இருந்திருக்கும். அம்மாவிடம் கேட்டுவிட்டாய், கொஞ்சம் பொறு.

மற்றக் களிமண்ணில் வேலை செய்கிற வேகம் பீங்கானில் நடக்காது. கயோலின் என்கிற வெள்ளைக் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்கிற கனிமங்களும் சேர்ந்த கலவை அது. இழுத்த இழுப்புக்கு வராது. தண்ணீர் சற்றே கூடினாலும் சக்கரத்தின் மேலேயே தொய்ந்து உட்கார்ந்துவிடும். அதனால் என் வழி இதுதான்: என்ன வடிவம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வேன், சில இழுப்பில் சுவரை உயர்த்துவேன், கையை எடுத்துவிடுவேன். இன்னும் அழகாக்கலாம் என்று தடவிக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்த மண் லாயக்கில்லை.

இதற்கு ஞாபகசக்தி வேறு. ஈரத்தில் விளிம்பு ஒரு பக்கம் நெளிந்துவிட்டால், கையால் வட்டமாக்கி வைத்தாலும் சூளைக்குள் போய்ப் பழையபடி நெளிந்துகொள்ளும். மண்ணின் துகள்கள் நுண்ணிய தகடுகள். தள்ளிய திசையில் அடுக்கிக்கொண்டால் அப்படியே நிற்கும். (சின்ன வயதில் நீயும் எதையும் மறக்கமாட்டாய்.)

வனைவதைவிடச் சீவுவதற்குத்தான் எனக்கு நேரம் போகிறது. பாதி காய்ந்து தோல் பதத்துக்கு வந்ததும் கவிழ்த்துவைத்து, அடிப்பக்கத்துக் கனத்தைச் சுருள் சுருளாக எடுப்பேன். சுவர் மெலிந்தால் வெளிச்சம் ஊடுருவும், எல்லோரும் அதைத்தான் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள். எனக்கு உதட்டில் படுகிற விளிம்பு சரியாக இருக்க வேண்டும், அது போதும். அப்புறம் சுத்தம். துரு ஒரு பொட்டு ஒட்டினாலும் வெள்ளையில் பழுப்புப் புள்ளி விழும். அதனால்தான் பீங்கான் கருவிகளை யாரையும் தொடவிடுவதில்லை.

முதல் சூடு 1000 டிகிரி செல்சியஸ் அளவில். கிளேஸ் என்கிற கண்ணாடி மெருகுப் பூச்சைப் பூசிய பின் இரண்டாவது சூடு 1280 வரை போகும். அந்த வெப்பத்தில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்றதைப் பிணைக்கும். பாண்டமே சற்று இளகும், சுருங்கவும் செய்யும். ஈரத்தில் 10 செ.மீ. உயரமாக வனைந்தது கடைசியில் சுமார் 8.5 செ.மீ.தான். படத்தில் பார்த்து 'இவ்வளவு பெரிசா?' என்றாயே, அவை இன்னும் சூளைக்குப் போகாதவை.

வியன்னாவில் பிறந்து 1938-ல் லண்டனில் குடியேறிய மட்பாண்டக் கலைஞர் லூசி ரீ, முதல் சூட்டையே விட்டுவிட்டு, சுடாத பச்சைப் பாண்டத்தில் கிளேஸைத் தூரிகையால் பூசி, ஒரே தடவையில் சுட்டு எடுத்தவர். மெல்லிய பச்சைப் பீங்கான் கிளேஸின் ஈரத்தைக் குடித்தால் தளர்ந்துபோகலாம். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, இரண்டு சூடுதான்.

ஆறும் ஒன்றுபோல இருக்காது, சொல்லிவிட்டேன். உயரத்தில் மயிரிழை வித்தியாசம் வரும். அடுக்கி வைக்க இடைஞ்சல் ஆகாதபடி அடி வளையத்தை மட்டும் ஒரே அளவில் சீவுகிறேன்.

கைப்பிடி வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்பது என் கட்சி: ஒரு பக்கக் கனம் சூளையில் வாயை நீள்வட்டமாக்கப் பார்க்கும். ஆனால் மாப்பிள்ளை சுடச்சுடக் குடிப்பவர், கை சுடும். கோப்பைகளைத் துணி போட்டு மூடி ஈரம் காத்துவைத்திருக்கிறேன். காய்ந்த பிறகு ஒட்டினால் விரிசல் விடும். அதனால் இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா