தைராய்டு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? நிறுத்துவதற்கு முன்பு...

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தைராய்டு சுரப்புக் குறைவு பற்றிய மருத்துவக் குறிப்புகள் பெரும்பாலும் ‘காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுங்கள்’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. போட்டால் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, இரவில் தூக்கம் வருவதில்லை என்பவர்களுக்கு அதில் பதில் இல்லை. அவர்களில் சிலர் யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருந்து உடலில் பல நாள் தங்குவதால் நிறுத்தியதும் ஒன்றும் ஆவதில்லை. படபடப்பு அடங்கி நன்றாகக்கூட இருக்கும். ‘கோளாறு மாத்திரையில்தான்’ என்று மனதில் பதிந்துவிடுகிறது. சோர்வும் முகவீக்கமும் மலச்சிக்கலும் திரும்பி வரும்போது வாரங்கள் ஓடியிருக்கும்.

இந்த மாத்திரையில் உள்ள லெவோதைராக்சின் என்பது நம் சுரப்பியே சுரக்கும் டி4 ஹார்மோன்தான். ஆலையில் தயாரானது, அவ்வளவுதான் வேறுபாடு. அந்த ஹார்மோனே உடலுக்கு ஆகாமல் போவது மிக அரிது. ஆனால், அவதிப்படுபவர் சொல்வது பொய்யல்ல. காரணம் வேறெங்கோ இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

முதலில் தொடங்கிய அளவைப் பாருங்கள். முழு அளவு என்பது உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம், 60 கிலோ உள்ளவருக்கு ஏறத்தாழ 100. நீண்ட காலம் ஹார்மோன் குறைந்தே இருந்த இதயம் மெதுவாகத் துடித்துப் பழகியிருக்கும். முதியவருக்கும் இதய நோய் உள்ளவருக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி, 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை அதே அளவு படியில் ஏற்றுவதுதான் முறை. இந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது உடலில் உள்ளது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 7 நாள். ரத்தத்தில் ஒரு டோஸ் நிலைபெற 5, 6 வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று அவசரப்பட்டு ஏற்றினால், பழைய டோஸ் முழுதாகச் சேர்வதற்குள் புதியதும் அதன்மேல் வந்து உட்கார்ந்துவிடும். 12.5 வேண்டுமென்று 25 மாத்திரையைக் கத்தியால் வெட்டினால் ஒரு பாதி பெரிதாகவும் மறுபாதி பொடியாகவும் போகிறது. மருத்துவர் சம்மதித்தால், 12.5க்குப் பதில் 25ஐ ஒன்றுவிட்டு ஒருநாள் போடலாம். அரை ஆயுள் நீளம் என்பதால் சராசரி ஏறக்குறைய அதேதான்.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒரு வலை. மாத்திரையை ஒருநாள் தண்ணீரோடு, மறுநாள் காபியோடு, இன்னொரு நாள் கால்சியம் மாத்திரையோடு போட்டால் குடல் ஈர்த்துக்கொள்ளும் அளவு நாளுக்கு நாள் மாறும். பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், மருந்து போதாதபோது கூடும்) கூடியிருக்கும், டோஸ் உயர்த்தப்படும். பிறகு அவரே ஒழுங்காக வெறும் வயிற்றில் போடத் தொடங்குவார். உயர்த்திய டோஸ் முழுவதும் உள்ளே போகும், படபடப்பு வரும். பழி மாத்திரைக்கு! தண்ணீர் மட்டும் குடித்து, சாப்பாட்டுக்கும் காபிக்கும் 30 முதல் 60 நிமிடம் முன்பாகப் போடுங்கள். அது முடியாதவர்கள் கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து இரவில் போடலாம். இரும்பு, கால்சியம், வயிற்றுப்புண்ணுக்கான ஆன்டாசிட் ஆகியவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை இடையில் தொடங்கினாலும் நிறுத்தினாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தைராய்டு மருந்தின் தேவை அதனால் மாறலாம்.

இரும்புச்சத்துக் குறைவைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்தசோகையே படபடப்பையும் மூச்சுவாங்கலையும் தரும். அதன்மேல் தைராய்டு மருந்தும் இதயத்தை முடுக்கினால் தாங்காது. ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது அட்ரினல் சுரப்பிக் குறைபாடு. அந்தச் சுரப்பி தரும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைந்திருப்பவருக்கு முதலில் தைராய்டு மருந்தைக் கொடுத்தால், இருக்கிற கொஞ்சக் கார்ட்டிசாலையும் உடல் வேகமாகச் செலவழித்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை தொடங்கியபின் வாந்தி, கடும் தளர்ச்சி, ரத்த அழுத்தம் இறங்குவது, எடை குறைவது, தோல் கருப்பது, உப்பின் மேல் தீராத ஆசை ஆகியவை சேர்ந்து வந்தால் காலைக் கார்ட்டிசால் பரிசோதனை தாமதிக்கக் கூடாது.

மாத்திரையில் ஹார்மோன் எவ்வளவு என்பதையும் யோசிக்க வேண்டும். 100 மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. கையில் இருக்கும் மாத்திரையில் மற்றதெல்லாம் லாக்டோஸ், ஸ்டார்ச், சாயம் போன்ற சேர்மானங்கள். அரிப்பு, தடிப்பு, வயிற்று உப்புசம் வந்தால் சந்தேகிக்க வேண்டியது இவற்றைத்தான். சில நிறுவனங்களின் 50 மைக்ரோகிராம் மாத்திரையில் சாயம் கிடையாது. அதையே இரண்டாகப் போட்டு 100 ஆக்கலாம். சாயமில்லை என்பதை உறையில் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். திரவ வடிவமும் ஜெல் கேப்ஸ்யூலும் கிடைக்கும் இடங்களில் அவற்றைக் கேட்கலாம். எந்த மாற்றம் செய்தாலும் 6 வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்த்தே ஆக வேண்டும்.

பரிசோதனையும் ஏமாற்றும். முடி, நகத்துக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின், சில ஆய்வு முறைகளில் டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் டி4ஐப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். ‘டோஸ் அதிகம்’ என்று முடிவாகிவிடும். பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அன்றைய தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

நெஞ்சுவலி, தாறுமாறான நாடி, மூச்சுத்திணறல் என்றால் இந்தத் தேடல் எதற்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள் தாங்களாக நிறுத்தவே கூடாது. முதல் மாதங்களில் சிசு தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. அப்போது டோஸைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருந்துச்சீட்டில் டோஸோடு, அடுத்த பரிசோதனைத் தேதியையும், படபடப்பு வந்தால் யாரைக் கேட்பது என்பதையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியும் அந்த ஒற்றை வரிக்குப் பிறகு இவற்றுக்கு இடம் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்