ரசிப்பது வெறும் நகலெடுப்பதல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு கலைஞரை நேசிப்பவர்களைக் ‘காப்பியடிப்பவர்கள்’ என்று ஒதுக்குவதைக் கேட்டால் மனம் வலிக்கிறது. டச்சு ஓவியர் வான்கோ 1889-90இல் பிரான்சின் சான் ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, தான் உயிராக மதித்த, உழவர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து 20க்கும் மேற்பட்ட ஓவியங்கள் வரைந்தார். கையில் இருந்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை அச்சுகள்தான். நிறத்தை அவரேதான் தேட வேண்டியிருந்தது. உழவர்கள் மில்லேயுடையவர்கள், அந்த நீலமும் மஞ்சளும் வான்கோவினுடையவை.

எனக்குப் பிடித்த பாடகர் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மெல்ல மூச்சிழுப்பார். பதினாறு வயதில் நானும் பேசும் முன் அப்படியே செய்து பழகினேன். அவருடைய கருத்துகளில் பாதி எனக்கு ஒத்துவராது, அது வேறு விஷயம். ஆனால் இன்றும் கோபத்தில் வாய் திறக்கும் முன் அந்த மூச்சு வந்துவிடுகிறது. எத்தனையோ கடுஞ்சொற்களை அது நிறுத்தியிருக்கிறது. இப்போது அது என் மூச்சுதான்.

என் மகள் கொஞ்ச நாளாக ஒரு நடனக் கலைஞரைப் போலக் கழுத்தைச் சாய்த்து நிற்கிறாள். வீட்டில் கேலி செய்தார்கள். சரி, அவளை அப்படியே விடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்