தனுஷ்கோடி வெயிலுக்கு 100 பிலிம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விலை மலிந்த பிளாஸ்டிக் கேமராவோடு பிலிமில் படம் பிடிக்கப் பழகும் இளைஞர்கள் தனுஷ்கோடிக்கு வருவது மகிழ்ச்சி. இத்தகைய கேமராக்கள் பலவற்றில் ஷட்டர் வேகம் நொடியில் சுமார் 100-ல் ஒரு பங்கு, லென்ஸ் வழி ஒளி புகும் துவாரத்தின் அளவு எஃப் 11; மாற்ற வழியில்லை. நடுப்பகலில் வெண்மணலும் கடலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அங்கே ஒளியுணர்திறன் எண் (ஐ.எஸ்.ஓ.) 400 உள்ள பிலிம் போட்டால் ஒளி தேவைக்கு மேல் நான்கு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் இரு மடங்கு ஒளி) கூடிவிடும். 100 என்றால் இரண்டுதான். அதை நெகட்டிவ் பிலிம் தாங்கும், நேரடியாகவே படம் தெரியும் ஸ்லைடு பிலிம் வெளுத்துவிடும்.

கேமராவுக்குள் வெளிச்சம் கசியாமலிருக்க, பின்மூடி விளிம்பு நெடுகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மணற்காற்றில் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே சிக்கும் ஒரு மணல் துகள் போதும், சுருள் நகர நகர நெகட்டிவில் நீளக் கோடு கிழித்துவிடும்.

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டில் கழுவுவோருக்கு நம் மாவட்டத்தில் பெரிய தலைவலி தண்ணீர்தான். பிலிமில் படத்தை வெளிக்கொணரும் ரசாயனக் கரைசலான டெவலப்பருக்கு 20 டிகிரி செல்சியஸ் வழக்கம். கோடையில் குழாய்த் தண்ணீர் அதைவிட வெகு சூடு என்பதால், ஐஸ் கட்டி போட்ட வாளியில் டெவலப்பர் பாட்டிலை வைத்துக் குளிர்விக்க வேண்டும். உவர்நீரில் கடைசி அலசல் செய்தால் காயும்போது உப்புத் திட்டு படிந்து, பிரிண்டில் புள்ளியாகத் தெரியும். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டர் இருந்தால் ஒரு சுருளுக்குப் போதும்.

– ஒரு வாசகர், மண்டபம்