நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை: கடல் கடந்து இருப்பவர்களின் ஓட்டு

தலைவர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை சமையலை ஒதுக்கி வைத்துவிட்டு வடசென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, எர்ணாவூர், மண்ணடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கும், வெளிநாட்டிலும் கப்பலிலும் வேலை செய்பவர்களின் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். சம்பளம் வராமல் மாட்டிக்கொண்ட ஒரு தம்பிக்காகத் தூதரகத்துக்கு மனு எழுதினோம். அவர் ஊர் வந்து சேர்ந்துவிட்டார். வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் படிப்பார்.

2024 ஜூன் 12ஆம் தேதியை மட்டும் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்து நம் நாட்டவர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அன்று முழுக்க நம் வீடுகளில் யாரும் போனைக் கீழே வைக்கவில்லை. அதற்கு அடுத்த கூட்டத்தில்தான் எர்ணாவூர் அக்கா ஒருவர் கேட்டார்: “செத்தா விமானம் அனுப்புறாங்க. உயிரோட இருக்கும்போது ஓட்டுப் போட வழி பண்ண மாட்டாங்களா?” இந்த ஆண்டு நாம் செய்த வேலையில் பெரும்பங்கு அந்தக் கேள்வியின் பின்னால் போனதுதான்.

சட்டப்படி உரிமை இருக்கிறது. முன்பெல்லாம் பிழைக்க வெளிநாடு போனவர் ‘இங்கே வழக்கமாக வசிப்பவர் அல்ல’ என்று வாக்காளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடலாம். 2010இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2011 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவர், பாஸ்போர்ட்டில் உள்ள முகவரித் தொகுதியில் படிவம் 6ஏ கொடுத்துப் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டோடு இங்குள்ள பூத்துக்கே நேரில் வர வேண்டும். அபுதாபியில் ஃபிட்டராக இருக்கும் பையன் ஒரு ஓட்டுக்காக லீவு கேட்டு, டிக்கெட் போட்டு, இரண்டு மாதச் சேமிப்பைக் கரைத்துக்கொண்டு வர முடியுமா?

தேர்தல் ஆணையத்தின் கணக்கே இதற்குப் பதில் சொல்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்திருந்தவர்கள் 1,19,374 பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். அதில் 2,670 பேர் கேரளத்தில். அப்படியென்றால் தமிழ்நாட்டையும் சேர்த்து மீதி இந்தியா முழுவதிலும் 288 பேர்! வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் ஒரு கோடிக்கும் மேல். இந்தக் கணக்கைப் படித்துக் காட்டியபோது கூட்டத்தில் சத்தமே இல்லை.

அந்தச் சிலரில் நம் உறுப்பினர் வீட்டுப் பையனும் ஒருவர். தங்கை கல்யாணத்துக்காக வந்தவர், ஏப்ரல் 19 அன்று பாஸ்போர்ட்டோடு பூத்துக்குப் போனார். வாக்காளர் அட்டை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். வெளிநாடுவாழ் வாக்காளருக்கு அந்த அட்டையே கிடையாது. பட்டியலின் கடைசியில் தனிப் பகுதியாகப் பெயர் இருக்கும். அதை எடுத்துச் சொல்லி, தேடிப் பார்த்து, வாக்களித்துவிட்டு வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. விரலில் மை வைத்த படத்தை அறையில் கூட இருக்கும் பிலிப்பைன்ஸ் நண்பருக்கு அனுப்பியிருக்கிறார். “இதுக்கா ஊருக்குப் போனே? நான் இங்கே இருந்தே போடுறேனே” என்று அவர் ஆச்சரியப்பட்டாராம். பிலிப்பைன்ஸ் 2003இலேயே சட்டம் போட்டு, 2004 முதல் தன் தொழிலாளர்களை வெளிநாட்டில் இருந்தபடியே வாக்களிக்க வைக்கிறது.

நம் நாட்டிலும் பேச்சு நடக்காமல் இல்லை. பதிலாள் மூலம் வாக்களிக்கும் மசோதாவை 2018 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் நிறைவேறாமலேயே 2019இல் மக்களவை கலைந்ததும் அது காலாவதியானது.

இந்தப் பதிலாள் விஷயத்தில் நமக்குள்ளேயே இரண்டு கூட்டம் வாக்குவாதம் நடந்தது. பதிலாள் யார், அம்மாவா மனைவியா என்ற கேள்வியிலேயே சில வீடுகளில் மனக்கசப்பு வரும் என்றார்கள். மண்ணடி பாய் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது: “சபுராளி (வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்) ஓட்டு ஊர்ல இருக்கிறவர் கையில போனா, விலை பேச இன்னொரு ஓட்டு சேர்ந்துச்சுன்னு அர்த்தம்.” பணப் பட்டுவாடா புகாரில் 2017 ஏப்ரலில் நம் பக்கத்து ஆர்.கே. நகர் தொகுதி இடைத்தேர்தலே ரத்தானதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். பதிலாள் வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

நாம் மனு எழுதிக் கேட்பது மின்னணு வழியில் அனுப்பும் தபால் வாக்கு. ராணுவத்தினருக்கு அது நடைமுறையில் இருக்கிறது. 2016இல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான் முதலில் செய்து பார்த்தார்கள். வாக்குச் சீட்டு இணையத்தில் வரும். அச்செடுத்து, குறியிட்டு, அதிகாரி ஒருவரின் சான்றொப்பத்தோடு உறையிலிட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். இதையே வெளிநாடுவாழ் வாக்காளருக்கும் விரிவாக்கத் தயார் என்று 2020 நவம்பரில் தேர்தல் ஆணையமே மத்திய அரசுக்கு எழுதியது. 2021 சட்டமன்றத் தேர்தலில் நடக்கும் என்று நம்பினோம். நடக்கவில்லை.

இதிலும் சிக்கல் உண்டு. பாலைவனத்து கேம்ப்பில் இருப்பவர் சான்றொப்பத்துக்காகத் தூதரகம் வரை போக முடியாது. பாஸ்போர்ட் முதலாளி கையில் இருப்பதும் உண்டு. பாஸ்போர்ட் வேலைகளுக்காகத் தூதரகங்கள் வெளியூர்களில் நடத்தும் முகாம்களிலேயே இதையும் செய்து தரலாம் என்று மனுவில் எழுதியிருக்கிறோம்.

கப்பல்காரர்களையும் சேர்த்தே கேட்டிருக்கிறோம். இங்கே என் சொந்தக் கதையைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இருக்கிறார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இரண்டே முறைதான் நாங்கள் சேர்ந்து போய் ஓட்டுப் போட்டிருக்கிறோம். கடற்படையில் இருப்பவருக்குத் தபால் வாக்கு உண்டு. வணிகக் கப்பலில் இருப்பவருக்கு இல்லை. துறைமுகத்தை ஒட்டி வாழும் நம் பகுதியே இதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

“வெளிநாட்டில் இருப்பவனுக்கு இங்கே எதற்கு ஓட்டு?” என்று மனுவில் கையெழுத்து வாங்கப் போன இடத்தில் சிலர் கேட்டார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்ப் பக்கம் வீட்டுச் சுவரெல்லாம் கறுத்துப் போனதே, அந்த வீடுகளில் சில அவர்கள் அனுப்பிய பணத்தில் கட்டியவை. உள்ளே இருந்தது அவர்களுடைய அம்மாவும் பிள்ளைகளும். அந்த ஊரை ஆள்வது யார் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீடுகளிலேயே பலர் 6ஏ கொடுக்கவில்லை. இருக்கும் வாக்காளர் அட்டையை ஒப்படைக்க வேண்டுமே, ஊர் திரும்பினால் மறுபடி படிவம் 6 கொடுத்துச் சேர வேண்டுமே என்ற தயக்கம். அது நியாயமான தயக்கம்தான். ஆனால் பட்டியலில் ஆளே இல்லாவிட்டால், கேட்க ஆளில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

2026இல் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. மனுவின் நகலை நம் மக்களவை உறுப்பினரிடம் நேரில் கொடுக்கக் குழு போகிறது. வர விரும்புகிறவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். அப்புறம், அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் மாலையில் சங்க அறையில் 6ஏ நிரப்பித் தருகிறோம். பாஸ்போர்ட்டில் படமும் முகவரியும் உள்ள பக்கங்கள், விசா பக்கம், ஒரு புகைப்படம் ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். படம் தெளிவாக இருக்கட்டும்.

செயலாளர்