அந்தப் படங்கள் நம் ஊருக்கும்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 25, பெண்கள் மீதான வன்முறையை ஒழிப்பதற்கான நாளையொட்டி, சென்ற ஞாயிறு இணைப்பில் உலகப் படங்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரை என்றுதான் படித்துக்கொண்டு வந்தேன். கடைசிப் பத்தியில், காவிரியைத் தாயாகக் கும்பிடுகிற நமக்கு இந்தக் கொடுமையெல்லாம் வெளிநாட்டுச் செய்தியாக மட்டுமே தெரியும், அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள் என்று முடித்திருந்தார் எழுதியவர். ஐயா, அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பினீர்களா?

டெல்டாவில் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தீக்காய வார்டில் வெகுகாலம் வேலை பார்த்தேன். அங்கே வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள், ஸ்டவ் வெடித்துவிட்டது என்று. ஸ்டவ் வெடித்தவளுக்கு உச்சந்தலையிலிருந்து மண்ணெண்ணெய் வாடை ஏன் அடிக்க வேண்டும்? புண் துணியில் ஒட்டாமலிருக்க வாழை இலை விரித்துப் படுக்க வைப்போம். கை வீங்கி வளையல் சதைக்குள் இறங்கியிருக்கும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் வாக்குமூலம் வாங்க வருவதற்குள் புருஷன் வீட்டு ஆள் ஒருவர் தலைமாட்டில் வந்து நின்றுவிடுவார். அதிகாரி வந்ததும் வெளியே போகச் சொல்வார்கள், சரி. ஆனால் அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருப்பார்கள். "உன் பிள்ளைகளை யார் பார்த்துக்கிறது, யோசிச்சுச் சொல்லும்மா" என்று காதோரம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணும் ஸ்டவ் என்றே சொன்னாள். மறுநாள் உங்கள் பத்திரிகையிலும் ஸ்டவ் என்றே வந்தது.

கட்டுரையில் சொல்லியிருந்த பாகிஸ்தான் படம், ஷர்மீன் ஒபைத் சினாய் எடுத்த 'எ கேர்ள் இன் தி ரிவர்', நானும் பார்த்தேன். விரும்பியவனைக் கல்யாணம் செய்துகொண்டதற்காகப் பெற்ற அப்பாவே இன்னொரு உறவினரோடு சேர்ந்து சுட்டு, சாக்கில் கட்டித் தண்ணீரில் போட்ட பெண் பிழைத்து வந்த உண்மைக் கதை. ஊர்ப் பெரியவர்கள் நெருக்கி நெருக்கி அவளையே மன்னிக்க வைக்கிறார்கள். அவள் மன்னித்ததால் சுட்டவர்கள் சிறையிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள், அன்றைய சட்டம் அப்படி. அந்தப் பெரியவர்கள் கூடிப் பேசும் இடத்தில் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நம் பக்கம் கோயில் வாசலில் உட்கார்ந்து சமாதானம் பேசுகிறவர்கள் கேட்பதும் அதே மன்னிப்பைத்தானே?

படம் ஆஸ்கர் வாங்கியதோடு உங்கள் கட்டுரை நின்றுவிட்டது. விருது கிடைத்தது 2016 பிப்ரவரியில். அதே ஆண்டு அக்டோபரில், குடும்பம் மன்னித்தாலும், மானம் போயிற்று என்று கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை என்று அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. படம் மட்டும் செய்த வேலை இல்லை அது. அங்கே பெண்கள் பல வருஷமாகப் போராடி வந்தார்கள். அந்த ஜூலையில் கந்தீல் பலோச் என்ற பெண்ணைச் சொந்தச் சகோதரனே கொன்றதும் நாட்டை உலுக்கியது. இதையல்லவா வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டும்?

காவிரிக் கரைக்கே வருகிறேன். மூவலூர் எங்கள் ஊருக்குப் பக்கம். பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தாசி குலத்தில் விடப்பட்ட குழந்தைதான் பின்னாளில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். 1925இல் இதே மாயவரத்தில் மாநாடு கூட்டி, பெண் குழந்தைகளைக் கோயிலுக்குத் தாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்தார், 1936இல் அதைப் பற்றி நாவல் எழுதினார், 1947இல் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கொடுமையே தெரியாத மண் என்றால் அந்த அம்மா யாரோடு சண்டை போட்டார்? தஞ்சாவூரைத் தாண்டினால் புதுக்கோட்டை. அங்கே ஷரீஃபா கானம் தொடங்கிய, முஸ்லிம் பெண்களே கூடும் பெண்கள் ஜமாஅத்தைப் பற்றி 2011இல் தீபா தன்ராஜ் ஆவணப்படமே எடுத்தார். அடி, வரதட்சணை, தலாக் என்று வருகிற பெண்களின் வழக்கைப் பெண்களே உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். உலகத்தையெல்லாம் சுற்றிய உங்கள் கட்டுரைக்குப் புதுக்கோட்டைக்கு ஒரு வரி இல்லை.

இதை எழுதும்போது பழையதெல்லாம் சேர்ந்து வருகிறது. கணவன் அடித்து இறந்த பெண்ணின் கல்யாணப் போட்டோவைப் போட்டு, அடித்தவன் பெயரைக்கூடப் போடாமல் மூன்று வரியில் முடித்த செய்தியைப் பற்றி உங்களுக்கு எழுதினேன், பதிலே இல்லை. மகளிர் பக்கத்தில் ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம் செய்வது எப்படி என்று வருஷா வருஷம் வருகிறது. வரட்டும், நானும் படையல் போடுகிறவள்தான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு தடவையாவது வந்ததா? என் உறவுப் பெண் ஒருத்தி வீங்கிய கன்னத்தோடு ஒரு காவல் நிலையத்துக்குப் போனபோது, புருஷன் பொண்டாட்டி சண்டை, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சட்டப்படி, காவல் நிலையத்துக்குப் போகாமல் நேராக, இதற்கென்றே அரசு வைத்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம், புருஷன் வீட்டிலிருந்து அவளைத் துரத்த முடியாதபடி மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கலாம் என்று அவளுக்கும் தெரியவில்லை, அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை. அந்த வீட்டுக்குத் தினமும் உங்கள் பத்திரிகை வருகிறது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பெண் அடிபட்ட செய்தி, பெண் எரிந்த செய்தி எது போட்டாலும் அதன் கீழே இரண்டு வரி சேருங்கள். பெண்கள் உதவி எண் 181, இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. அப்புறம் அந்தந்த மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் எங்கே இருக்கிறார் என்பது. சமூக நல அலுவலகத்தில் கேட்டால் உங்கள் நிருபருக்குச் சொல்வார்கள்.

இந்தக் கடிதத்தை இடம் கருதிச் சுருக்குவதானால் சுருக்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மயிலாடுதுறை.